வின்கிரிஸ்டின் ஊசி மருந்து: நோயாளிகளும் பராமரிப்பாளர்களும் அறிந்திருக்க வேண்டியவை

குழந்தைகளுக்கு வரும் கடுமையான இரத்தப் புற்றுநோய், நிணநீர்க் கணுக்களில் தோன்றும் லிம்ஃபோமா, சிறுநீரகத்தில் உண்டாகும் வில்ம்ஸ் கட்டி, தசைகளிலும் எலும்புகளிலும் வரும் சிலவகைப் புற்றுநோய்கள் ஆகியவற்றுக்கான கீமோதெரபியில் தவறாது இடம்பெறும் மருந்துகளுள் ஒன்று வின்கிரிஸ்டின். நசரத்பேட்டை, பூந்தமல்லி, திருமழிசை, ஆவடி, அம்பத்தூர் பகுதிகளிலிருந்து சென்னைக்கோ காஞ்சிபுரம் காரப்பேட்டைக்கோ சென்று இம்மருந்தைப் பெறுவோர், இரண்டு சிகிச்சைகளுக்கு இடைப்பட்ட நாட்களை வீட்டில்தான் கழிக்கின்றனர். ஊசி போடப்படுவது மருத்துவமனையில் சில நிமிடங்கள். அதன் விளைவுகள் தென்படுவதோ பெரும்பாலும் வீட்டில், மூன்றாம் நாளோ பத்தாம் நாளோ ஆகும். ஆகவே எதைக் கண்டால் பொறுத்திருக்கலாம், எதைக் கண்டால் உடனே புறப்பட வேண்டும் என்பதை நோயாளியும் உடனிருப்பவரும் முன்கூட்டியே அறிந்திருத்தல் இன்றியமையாதது. இங்குக் கூறப்படுபவை பொதுவான விளக்கங்கள். உங்களுக்குச் சிகிச்சை அளிக்கும் மருத்துவர் வேறாகக் கூறியிருப்பின் அவர் கூற்றையே பின்பற்றவும்.

வாசலில் பூக்கும் செடியும் மருத்துவமனை மருந்தும்

நம் வீட்டு வாசலிலும் கோயில் நந்தவனங்களிலும் ஆண்டு முழுதும் பூக்கும் நித்தியகல்யாணிச் செடியிலிருந்து எடுக்கப்படுவதே வின்கிரிஸ்டின். சுடுகாட்டு மல்லி என்றும் இதனைச் சிலர் அழைப்பர். மடகாஸ்கர் தீவைத் தாயகமாகக் கொண்ட இச்செடி, தமிழ்நாட்டின் தென்மாவட்டங்களில் மானாவாரி நிலங்களில் மருந்துத் தேவைக்காகப் பயிரிடப்படுகிறது. 1950களில் கனடா நாட்டு ஆய்வாளர்களான இராபர்ட் நோபிளும் சார்லஸ் பீரும், இதன் இலைச்சாறு நீரிழிவைக் குறைக்குமா என்று ஆராய்ந்தனர். சர்க்கரை குறையவில்லை. ஆனால் எலிகளின் இரத்தத்தில் வெள்ளையணுக்கள் வெகுவாகக் குறைந்திருந்தன. அக்கவனிப்பு வின்பிளாஸ்டினுக்கும், பின்னர் அமெரிக்காவில் நடந்த ஆய்வுகள் வின்கிரிஸ்டினுக்கும் வழிவகுத்தன. 1963இல் வின்கிரிஸ்டின் அமெரிக்காவில் பயன்பாட்டுக்கு ஒப்புதல் பெற்றது.

இச்செய்தியைக் கேட்டதும் பலர் எழுப்பும் கேள்வி, அப்படியானால் இலையை அரைத்துக் குடித்தால் போதாதா என்பதாகும். போதாது. அது ஆபத்துமாகும். பல நூறு கிலோ உலர்ந்த இலையிலிருந்து பிரித்தெடுக்கப்படும் வின்கிரிஸ்டினின் அளவு ஒரு கிராம் என்ற கணக்கில்தான் உள்ளது. பெரியவர் ஒருவருக்கு ஒருமுறை தரப்படும் அளவோ பொதுவாக 2 மில்லிகிராமைத் தாண்டுவதில்லை. இவ்வளவு நுட்பமாக அளக்கப்படும் ஒன்றைக் கைப்பிடி இலைக் கணக்கில் எடுத்துக்கொள்ள இயலாது. மேலும் அவ்விலையில் வேறு பல ஆல்கலாய்டுகளும் உள்ளன. அவற்றுட் சில இரத்த அழுத்தத்தைக் குறைக்கும், சில நஞ்சாகும். சர்க்கரைக்காக நித்தியகல்யாணிப் பூவையோ இலையையோ கொதிக்கவைத்துக் குடிக்கும் பழக்கம் வீட்டில் இருப்பின், கீமோதெரபி தொடங்கும் முன்பே அதனை நிறுத்தி, மருத்துவரிடம் மறைக்காமல் கூறிவிட வேண்டும். செடியைப் பிடுங்கி எறிய வேண்டியதில்லை. பூசைக்குப் பூப்பறிப்பதால் எவ்விதத் தீங்கும் இல்லை.

மருந்து உடலில் செய்வது என்ன?

ஓர் உயிரணு இரண்டாகப் பிரியும்போது, மரபுப் பொருளை இருபுறமும் சமமாக இழுத்துச் செல்ல உயிரணுவினுள் மெல்லிய குழாய்களாலான ஓர் அமைப்பு உருவாகும். வின்கிரிஸ்டின் அக்குழாய்கள் உருவாவதைத் தடுத்துவிடுகிறது. பிரிய முடியாத உயிரணு பாதி வழியில் நின்று மடிகிறது. புற்றுநோய் அணுக்கள் ஓயாது பிரிந்துகொண்டே இருப்பவை என்பதால் அடி அவற்றின் மீது அதிகம் விழுகிறது. முடியின் வேர்களும் விரைந்து பிரிபவை. எனவே முடி உதிர்கிறது. சிகிச்சை முடிந்தபின் அது மீண்டும் வளரும்.

நரம்புகளின் கதை வேறு. நரம்பணுக்கள் பிரிவதில்லை. ஆயினும் முதுகுத் தண்டிலிருந்து கால் விரல் வரை நீளும் ஒரு நரம்பினுள் சத்துப்பொருட்கள் சென்றுவர, அதே வகைக் குழாய்களே தண்டவாளம் போல் பயன்படுகின்றன. அத்தண்டவாளம் பழுதாகும்போது மிக நீண்ட நரம்புகளே முதலில் நலிகின்றன. கால் விரல்கள் மரத்துப்போவதும் குடல் அசைவு மந்தப்படுவதும் இதனாலேயே ஆகும். இம்மருந்தின் பக்கவிளைவுகளுள் பெரும்பாலானவற்றுக்கு இந்த ஒரே காரணத்தை நினைவிற் கொண்டால் போதும்.

"நரம்பு ஊசி" என்ற சொல்லால் வரும் குழப்பம்

கையில் குழாய் பொருத்திச் செலுத்தும் மருந்தை நாம் "நரம்பு ஊசி" என்கிறோம். உண்மையில் அது செலுத்தப்படுவது நரம்பில் அன்று. இரத்தத்தை இதயத்துக்குத் திரும்பக் கொண்டுசெல்லும் சிரையில்தான். பேச்சுவழக்கில் இரண்டிற்கும் ஒரே சொல் வழங்குவதால், "ஊசி போட்ட நரம்பு கெட்டுப்போய்க் கை மரத்துவிட்டது, அடுத்த முறை வேறு கையில் போடுங்கள்" என்று புறநோயாளிப் பிரிவில் கூறுவோர் உண்டு. மரத்துப்போதல் மருந்தின் விளைவு. அது ஊசி போட்ட கையில் மட்டுமன்றி இரு கைகளிலும் இரு கால்களிலும் வரும். ஊசி போட்ட இடத்தில் மட்டும் எரிச்சலோ வீக்கமோ இருப்பின் அது வேறு சிக்கல். அதற்கு உடனடிக் கவனிப்பு தேவை. இவ்விரண்டையும் பிரித்துக் கூறத் தெரிந்திருந்தால் மருத்துவரின் வேலை பாதி முடிந்தது எனலாம். இக்கட்டுரையில் இனி சிரை என்றால் இரத்தக்குழாய் எனவும், நரம்பு என்றால் உணர்ச்சியையும் அசைவையும் கடத்தும் நரம்பு எனவும் கொள்ளவும்.

சிரைவழி மட்டுமே

வின்கிரிஸ்டின் பற்றி ஒரே ஒரு செய்தியைத்தான் நினைவில் வைத்திருக்க முடியும் என்றால் அது இதுவே: இம்மருந்து சிரைவழியாக மட்டுமே செலுத்தப்பட வேண்டும். முதுகுத் தண்டுவட நீரில் செலுத்தப்பட்டால், மூளையையும் தண்டுவடத்தையும் நேரடியாகத் தாக்கி, ஏறத்தாழ எப்போதும் உயிரைப் பறித்துவிடும்.

இவ்வாறு தவறு நேர வாய்ப்பு எங்கிருந்து வருகிறது? இரத்தப் புற்றுநோய் மூளையைச் சுற்றியுள்ள நீரில் மறைந்துகொள்ளும் தன்மையுடையது. அங்கே மருந்து எட்டுவதற்காக, மெத்தோட்ரெக்சேட் போன்ற வேறொரு மருந்தை முதுகில் ஊசியிட்டுத் தண்டுவட நீரில் செலுத்துவர். (இவ்வகை ஃபோலிக் அமில எதிர்ப்பு மருந்துகள் உருவாக வழிகோலியவர், சென்னை மருத்துவக் கல்லூரியில் பயின்று அமெரிக்காவில் ஆய்வு செய்த எல்லாப்பிரகட சுப்பாராவ் என்பது நாம் பெருமைகொள்ளத்தக்க செய்தி.) ஒரே குழந்தைக்கு ஒரு மருந்து முதுகிலும் மற்றொரு மருந்து சிரையிலும் தரப்பட வேண்டியிருக்கிறது. இரண்டும் ஒரே நாளில், ஒரே அறையில், ஒரே மாதிரியான சிரிஞ்சுகளில் இருந்தால் கை மாறுவதற்கு ஒரு கண நேரக் கவனக்குறைவே போதும். 2001ஆம் ஆண்டு இங்கிலாந்தின் நாட்டிங்காம் நகரில் 18 வயது இளைஞர் ஒருவர் இவ்வாறே உயிரிழந்தார். அவரது இரத்தப் புற்றுநோய் கட்டுக்குள் வந்திருந்த நிலையில் இது நேர்ந்தது. அந்நாட்டு அரசு விசாரணை நடத்தி நடைமுறைகளையே மாற்றியது. பிற நாடுகளிலும் இத்தகைய மரணங்கள் தொடர்ந்ததால், 2007இல் உலக சுகாதார அமைப்பு எச்சரிக்கை வெளியிட்டது. வின்கிரிஸ்டினைச் சிரிஞ்சில் எடுக்காமல், உப்புநீர் கலந்த சிறு பையில் நிரப்பி டிரிப்ஸாகவே செலுத்த வேண்டும் என்பது அதன் பரிந்துரை. பையில் இருப்பதை யாரும் முதுகில் ஏற்ற முற்பட மாட்டார்கள் என்பதே இதன் எளிய தர்க்கம். சிறு பை என்பது பெரிய கண்டுபிடிப்பன்று. ஆயினும் புதிய மருந்துகள் பலவற்றைவிட அது காத்த உயிர்கள் குறைவல்ல என்றே நான் கருதுகிறேன்.

பெற்றோரும் உடனிருப்போரும் இதில் வெறும் பார்வையாளர்கள் அல்லர். முதுகு ஊசி போடப்படும் நாளில், "இன்று வின்கிரிஸ்டினும் உண்டா? அது எப்போது, எந்த வழியில் தரப்படும்?" என்று செவிலியரிடம் கேட்கலாம். முதுகு ஊசி முடிந்து குழந்தை படுக்கைக்குத் திரும்பிய பின்னரோ, வேறொரு நாளிலோ வின்கிரிஸ்டின் தரப்படுவதே பாதுகாப்பான முறை. மருந்து ஏற்றும் முன் நோயாளியின் பெயர், மருந்தின் பெயர், அளவு, வழி ஆகியவற்றைச் செவிலியர் உரக்கப் படித்துச் சரிபார்க்கும்போது பேச்சைக் குறைத்து, நீங்களும் செவிமடுக்கவும். பெயர் சரியா என்று கேட்டால் வெறுமனே தலையசைக்காமல் முழுப்பெயரையும் வாய்விட்டுச் சொல்லவும். இவ்வாறு கேட்பதைப் பணியாளர் மீதான நம்பிக்கையின்மை எனக் கருத வேண்டியதில்லை. கேட்கும் பெற்றோரைப் பயிற்சி பெற்ற எந்தச் செவிலியரும் தவறாக எண்ண மாட்டார்.

வெளியில் வாங்கி வரச் சொன்னால்

அரசு மருத்துவமனைகளில் இம்மருந்து உள்ளேயே வழங்கப்படுகிறது. வேறிடங்களில் சிலசமயம் வெளிக்கடையில் வாங்கிவரச் சொல்வதுண்டு. வின்கிரிஸ்டின் 2 முதல் 8 டிகிரி செல்சியஸ் வெப்பநிலையில், வெளிச்சம் படாமல் வைக்கப்பட வேண்டிய மருந்து. சித்திரை வெயிலில் பெங்களூரு நெடுஞ்சாலையில் ஒரு மணிநேரம் பேருந்திலோ, இருசக்கர வாகனப் பெட்டியிலோ அது கிடக்கக் கூடாது. குளிர்ப்பெட்டியில் வைத்துத் தருமாறு கடையில் கேளுங்கள். பனிக்கட்டி நேரடியாகப் படவும் கூடாது, மருந்து உறையவும் கூடாது. அட்டைப்பெட்டியைப் பிரிக்காமல், ரசீதுடன், செவிலியர் கையிலேயே ஒப்படைக்கவும். முதுகு ஊசி போடும் அறைக்குள் இம்மருந்தைக் கையில் எடுத்துச் செல்ல வேண்டாம். மீதமாகும் மருந்தை வீட்டுக்குக் கொண்டுவருவதும் கூடாது.

ஊசி ஏறும்போது எரிச்சல் ஏற்பட்டால்

இம்மருந்து சிரைக்கு வெளியே கசிந்தால் சுற்றியுள்ள தசையையும் தோலையும் அரித்துவிடும். எனவே மருந்து ஏறிக்கொண்டிருக்கும்போது எரிச்சல், சுரீர் என்ற வலி, வீக்கம், சிவப்பு ஆகியவற்றுள் எது தோன்றினாலும் அக்கணமே கூறவும். முடியட்டும் எனப் பொறுத்துக்கொள்வது இங்கே நற்குணம் அன்று. பேசத் தெரியாத குழந்தையாயின், கையைக் கண்ணால் பார்க்கும்படி போர்வைக்கு வெளியே வைத்து, மருந்து ஏறும் வரை பெரியவர் ஒருவர் அருகில் இருத்தல் வேண்டும். மடியில் வைத்து ஆட்டுவதையும் கையை அசைப்பதையும் அந்தச் சில நிமிடங்கள் தவிர்க்கவும். நீண்டகாலச் சிகிச்சை பெறுவோருக்கு மார்புத் தோலுக்கடியில் போர்ட் எனப்படும் சிறு கருவியைப் பொருத்துவது இந்த ஆபத்தை வெகுவாகக் குறைக்கும்.

வீட்டுக்கு வந்தபின் அவ்விடம் சிவந்தாலோ கொப்புளம் கிளம்பினாலோ பலர் முதலில் செய்வது ஐஸ் கட்டி வைப்பது. வேறு சில கீமோதெரபி மருந்துகளுக்குக் குளிர் ஒத்தடம்தான் முறை. ஆனால் வின்கிரிஸ்டினுக்குக் குளிர் ஆகாது. இதற்கு மிதமான சூட்டில் உலர் ஒத்தடமே அளிக்கப்படும். எந்த மருந்து கசிந்தது என்று தெரியாமல் வீட்டில் எதையும் வைக்காமல், தேய்க்காமல், மஞ்சள் பற்றுப் போடாமல், அன்றே சிகிச்சை அளித்த பிரிவுக்குத் திரும்பிச் செல்வதே நல்லது.

கை கால் மரத்துப்போதல்

சில வாரச் சிகிச்சைக்குப் பின் விரல் நுனிகளில் ஊசி குத்துவது போன்ற உணர்வோ மதமதப்போ தொடங்கலாம். பெரியவர்கள் இதனைச் சொல்லிவிடுவர். குழந்தைகள் சொல்லமாட்டார்கள். அவர்கள் செய்வதைப் பார்த்துத்தான் நாம் அறிய வேண்டும். செருப்பு காலில் நிற்காமல் கழன்று விழுதல், நடக்கையில் பாதம் தரையில் தட்டென்று அடித்தல், அடிக்கடி இடறுதல், படியேற மறுத்தல், சட்டைப் பொத்தான் போட முடியாமை, எழுத்து திடீரெனக் கோணலாதல் ஆகியவற்றைக் கவனியுங்கள். முன்பு எளிதாகப் பூத்தொடுத்த பெண்மணிக்கு நார் கையில் நிற்கவில்லையென்றால் அதுவும் இதன் அடையாளமே. "சோம்பேறித்தனம்" என்று குழந்தையைக் கடிந்துகொள்ள வேண்டாம்.

இவற்றை அடுத்த ஊசிக்கு முன்பே கூற வேண்டும், பின்பு அன்று. நிலையைப் பார்த்து மருத்துவர் அளவைக் குறைக்கலாம், தள்ளிவைக்கலாம். சொன்னால் சிகிச்சையை நிறுத்திவிடுவார்கள் என்ற அச்சத்தால் மறைப்போர் உண்டு. மறைத்தால்தான் முழுமையாக நிறுத்த வேண்டிய நிலை வரும். மருந்து நின்ற பின்னும் சில வாரங்கள் மதமதப்பு கூடலாம். பெரும்பாலோருக்கு மாதக்கணக்கில் மெல்ல மெல்லத் தேறிவிடும். நீரிழிவு ஏற்கெனவே உள்ளவர்களுக்கு இது கடுமையாக இருக்கக்கூடும். குடும்பத்தில் பிறப்பு முதலே கால் நரம்புத் தளர்ச்சியும் வளைந்த பாதமும் கொண்டோர் இருப்பின் முதல் ஊசிக்கு முன்பே கூறவும். சிலவகைப் பரம்பரை நரம்பு நோயுடையோருக்கு இம்மருந்தைத் தரவே கூடாது.

உணர்ச்சி குறைந்த நாட்களில் குளிக்கும் நீரின் சூட்டை வேறொருவர் பார்த்துச் சொல்லட்டும். வெயிலில் சுட்ட கோயில் பிரகாரத்தில் வெறுங்காலுடன் நடக்க வேண்டாம்.

மலச்சிக்கலை அலட்சியம் செய்யாதீர்

இம்மருந்தைப் பெறுவோரிடம் வயிற்றைப் பற்றி நான் கேட்கும்போது, புற்றுநோய்க்கு முன் மலச்சிக்கல் ஒரு பொருட்டா என்பது போல் பார்ப்பவர்களே அதிகம். ஆனால் குடலின் நரம்புகள் செயலிழந்து குடல் அசைவே நின்றுபோகும் நிலைக்கு இது இட்டுச்செல்லக்கூடும். ஆகவே மலச்சிக்கல் வரும் வரை காத்திராமல், மருத்துவர் எழுதிக்கொடுத்த மலமிளக்கி மருந்தை ஊசி போட்ட நாளிலிருந்தே கொடுத்துவர வேண்டும். நீர், மோர், நன்கு வேகவைத்த கீரை, தோலுரித்து உண்ணும் வாழைப்பழம் போன்றவை துணைசெய்யும். மருந்தின் இடத்தை அவை நிரப்ப மாட்டா.

கைக்குழந்தைகளுக்கு விளக்கெண்ணெய் தடவிய வெற்றிலைக் காம்பையோ சோப்புத் துண்டையோ ஆசனவாயில் வைப்பது நம் வீடுகளில் வழிவழியாக வரும் பழக்கம். கீமோதெரபி பெறும் குழந்தைக்கு இதனை ஒருபோதும் செய்யக் கூடாது. வெள்ளையணுக்கள் குறைந்திருக்கும் வேளையில் அங்கே ஏற்படும் கண்ணுக்குத் தெரியாத சிறு கீறல் வழியே கிருமிகள் இரத்தத்தில் கலந்துவிடும். எனிமாவும், ஆசனவாய் வழி வைக்கும் மாத்திரையும், அவ்வழியே வெப்பமானி வைத்துப் பார்ப்பதும் இதே காரணத்தால் மருத்துவர் கூறாமல் கூடாது. மூன்று நாட்கள் மலம் போகாவிடில் மருத்துவமனையைத் தொடர்புகொள்ளவும். வயிறு உப்பி, வாந்தி எடுத்து, காற்றும் பிரியாமல் இருந்தால் மூன்று நாட்கள் காத்திருக்க வேண்டாம். அது அவசரநிலை. சிறுநீர் வராமல் அடைத்துக்கொண்டாலும் அவ்வாறே.

தாடை வலியும் பிறவும்

முதல் ஓரிரு ஊசிகளுக்குப் பின் தாடையிலும் கன்னத்திலும் கடும் வலி வரலாம். சில நாட்களில் தானே அடங்கும். குழந்தை மெல்ல மறுத்தால் கஞ்சி, குழைந்த சாதம், இட்லி போன்றவற்றைத் தரவும். இதைப் பல்வலி என எண்ணிப் பல் பிடுங்கச் சென்றுவிட வேண்டாம். கீமோதெரபிக் காலத்தில் பல் சிகிச்சை எதுவும் புற்றுநோய் மருத்துவரிடம் கேட்ட பின்னரே. வலிக்கு மாத்திரை கொடுக்கும் முன் உடல் வெப்பத்தைப் பார்த்துக் குறித்துக்கொள்ளவும். காரணம் அடுத்த பகுதியில் உள்ளது.

குரல் கம்முதல், விழுங்குகையில் புரையேறுதல், இமை தளர்ந்து தொங்குதல் ஆகியவை அரிது. ஆயினும் கண்டால் கூறவும். குழப்பமான பேச்சு, மிகுந்த மயக்கம், வலிப்பு ஆகியன இரத்தத்தில் சோடியம் தாழ்ந்ததன் அறிகுறிகளாக இருக்கலாம். உடனே 108ஐ அழைக்கவும். குமட்டலும் வாந்தியும் வின்கிரிஸ்டினால் அதிகம் வருவதில்லை. உடன் தரப்படும் சிவப்பு நிற மருந்து போன்றவற்றாலேயே பெரும்பாலும் வரும்.

காய்ச்சல்

வின்கிரிஸ்டின் தனியாக வெள்ளையணுக்களை அதிகம் குறைப்பதில்லை. ஆனால் அது தனியாகத் தரப்படுவது அரிது. கூட்டுச் சிகிச்சையில் எதிர்ப்பாற்றல் நிச்சயமாகக் குறையும். உடல் வெப்பம் 100.4 டிகிரி ஃபாரன்ஹீட்டை எட்டினால் (அதாவது 38 டிகிரி செல்சியஸ்) காலை வரை காத்திராமல், பாராசிட்டமால் கொடுத்துப் பார்ப்போம் என்று எண்ணாமல், அப்போதே மருத்துவமனைக்குப் புறப்பட வேண்டும். மாத்திரை காய்ச்சலை மறைக்குமேயன்றித் தொற்றைத் தடுக்காது. இத்தகைய காய்ச்சலில் முதல் எதிர்உயிரி ஊசி ஒருமணி நேரத்துக்குள் போடப்படுவதே இலக்கு.

நள்ளிரவில் சிகிச்சை பெறும் மருத்துவமனை தொலைவில் இருந்தால், பூந்தமல்லி அரசு மருத்துவமனை போன்ற அருகிலுள்ள இடத்துக்கு முதலில் சென்று, பணியிலுள்ள மருத்துவரிடம் சொல்லும் முதல் வாக்கியமே "இவர் கீமோதெரபி பெற்றுவருபவர், கடைசி ஊசி இந்தத் தேதியில் போட்டது" என்பதாக இருக்கட்டும். "இரண்டு நாளாகக் காய்ச்சல்" என்று மட்டும் சொன்னால் வரிசையில் அமர வேண்டியிருக்கும். சிகிச்சைக் குறிப்பேட்டை எப்போதும் ஒரே பையில், கதவருகே வைத்திருங்கள். டிஜிட்டல் வெப்பமானி ஒன்றை வீட்டில் வாங்கி வைத்திருப்பது கட்டாயம்.

மருந்துக்கடையில் கவனம்

வின்கிரிஸ்டினைச் சிதைத்து வெளியேற்றுவது கல்லீரல். அவ்வேலையைத் தடுக்கும் மருந்துகளை உடன் எடுத்தால், தரப்பட்ட அளவு சரியாகவே இருந்தாலும் உடலில் நஞ்சின் அளவுக்கு உயர்ந்துவிடும். இவற்றுள் நம் ஊரில் மிகவும் கவனிக்கத்தக்கது இட்ராகோனசோல். படர்தாமரைக்காக மருந்துக்கடையில் கேட்டவுடன் பலருக்கும் கிடைத்துவிடும் இக்காப்ஸ்யூல், வின்கிரிஸ்டினுடன் சேர்ந்தால் கடும் நரம்புத் தளர்ச்சி, குடல் முடக்கம், வலிப்பு வரை கொண்டுபோகும். தோல் அரிப்பு ஒரு சிறு தொல்லைதானே என்று இதனை யாரும் புற்றுநோய் மருத்துவரிடம் சொல்வதில்லை. அதுவே ஆபத்து. வோரிகோனசோல், போசகோனசோல், கிளாரித்ரோமைசின் ஆகியவையும் இவ்வகையின. வலிப்புக்கு ஃபெனிடாயின் எடுப்போர் முன்கூட்டியே தெரிவிக்க வேண்டும். கண் மஞ்சளானால் கீழாநெல்லி கொடுத்துக் காத்திருக்காமல் உடனே காட்டவும். காமாலை இருக்கும்போது வின்கிரிஸ்டின் அளவைக் குறைக்க வேண்டியிருக்கும்.

வீட்டில் மற்றவர்களுக்கு

மருந்து பெற்ற நோயாளியைத் தொடுவதாலோ, ஒரே தட்டில் உண்பதாலோ, கட்டியணைப்பதாலோ யாருக்கும் தீங்கில்லை. புற்றுநோய் ஒட்டுவதும் இல்லை. சிறுநீர், மலம், வாந்தி ஆகியவற்றில் மருந்தின் எச்சம் இருக்குமாதலால், ஊசி போட்ட பின் குறைந்தது 48 மணிநேரம் அவற்றைச் சுத்தம் செய்பவர் கையுறை அணிந்து, பின் சோப்பினால் கைகழுவ வேண்டும். கழிப்பறையில் இருமுறை நீர் ஊற்றவும். கருவுற்ற பெண்கள் இவ்வேலையைத் தவிர்க்க வேண்டும். சிகிச்சைக் காலத்தில் கருத்தரிப்பதும் பாலூட்டுவதும் கூடாது. ஆண்களும் கருத்தடை முறையைப் பின்பற்ற வேண்டும். எதிர்காலத்தில் குழந்தை வேண்டுவோர் அதுபற்றி முதல் ஊசிக்கு முன்பே கேட்டுவிடுதல் நலம்.

சிகிச்சை பெறும் குழந்தைக்கு உயிருள்ள கிருமியைக் கொண்ட தடுப்பூசிகள் போடப்படுவதில்லை. வீட்டிலுள்ள தம்பி தங்கையருக்கு மற்ற தடுப்பூசிகளை நிறுத்த வேண்டாம். ஆனால் போலியோ சொட்டு மருந்து முகாமன்று, வீட்டில் கீமோதெரபி பெறும் குழந்தை இருப்பதைக் கிராம சுகாதாரச் செவிலியரிடம் கூறி, மருத்துவரைக் கேட்ட பின்னரே அவர்களுக்குச் சொட்டு மருந்து தரவும்.

இடையில் நிறுத்தாதீர்

இரத்தப் புற்றுநோய்க்கு ஒருமாதச் சிகிச்சை முடிந்ததும் பெரும்பாலான குழந்தைகள் முகம் தெளிந்து, ஓடியாடத் தொடங்கிவிடுவர். இரத்தப் பரிசோதனையும் நன்றாக இருக்கும். இனி எதற்கு இந்த வேதனை, இவ்வளவு தூரம் எதற்கு அலைய வேண்டும், வேலைக்கு எத்தனை நாள் விடுப்பெடுப்பது என்று பெற்றோர் எண்ணுவது இயல்பே. சிகிச்சையோ இரண்டு முதல் மூன்று ஆண்டுகள் வரை நீள்வது. முழுமையாக முடித்தால் குணமடையும் வாய்ப்பு மிக அதிகம் உள்ள இந்நோயில், இடையில் நிறுத்தியபின் திரும்பி வரும் நோயைக் குணப்படுத்துவது பன்மடங்கு கடினம். நிற்க நேரும் காரணம் பெரும்பாலும் பணமும் தூரமும்தான் என்பதால் அதுகுறித்துச் சில செய்திகள்.

ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் உள்ள குடும்பங்கள், முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தின் கீழ் ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை பயன்பெறலாம். கீமோதெரபியும் இதில் அடங்கும். ஐயங்களுக்கு 1800 425 3993 என்ற கட்டணமில்லா எண்ணை அழைக்கலாம். குழந்தைகளுக்கு எழும்பூர் குழந்தைகள் நல மருத்துவமனையிலும், பெரியவர்களுக்கு இராஜீவ்காந்தி அரசு பொது மருத்துவமனை, இராயப்பேட்டை அரசு மருத்துவமனை ஆகியவற்றிலும் சிகிச்சை உண்டு. நசரத்பேட்டையிலிருந்து மேற்கே ஏறத்தாழ 50 கிலோமீட்டர் தொலைவில், நகர நெரிசலின்றிச் சென்றடையக்கூடிய காஞ்சிபுரம் காரப்பேட்டையில், பேரறிஞர் அண்ணா நினைவு அரசு புற்றுநோய் மருத்துவமனை உள்ளது. சென்னைக்குத்தான் செல்ல வேண்டும் என்று எண்ணுவோர் இவ்வழியையும் மருத்துவரிடம் கேட்டுப் பார்க்கலாம். ஆயினும் ஓரிடத்தில் தொடங்கிய சிகிச்சையை, சிகிச்சைச் சுருக்கக் குறிப்பு இல்லாமல் வேறிடத்துக்கு மாற்றிக்கொள்ள வேண்டாம். இதுவரை எத்தனை ஊசி, எந்த அளவில், எந்தத் தேதியில் என்பது தெரியாமல் அடுத்த ஊசியை யாராலும் பாதுகாப்பாகப் போட இயலாது.

குறித்த நாளில் வர இயலாது போனால், அந்த ஊசியைக் கைவிட்டு அடுத்த தேதியில் வந்துகொள்ளலாம் எனத் தாமே முடிவு செய்யாமல், முன்தினமே தொலைபேசியில் தெரிவித்து மாற்றுத் தேதி பெறவும். வீட்டு விசேடத்துக்காக இரண்டு நாள் தள்ளிவைக்க முடியுமா என்று கேட்பதில் தவறில்லை. பல வேளைகளில் அதற்கு இடமுண்டு.